நூயிக்கு எழுதிய சாவு

புலி வருடம், இரண்டாம் மாதம், ஒன்பதாம் நாள்

எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மகள் தாகி எழுதுகிறாள். சொன்னபடியே எழுத வேண்டும், ஒரு சொல் கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். இந்த வீட்டில் என் வாயிலிருந்து போனதை ஒருவன் எடுத்து எழுதி விற்றுவிட்டான். எனக்கு எழுபது வயதாகிறது. என் பேச்சாவது என் பேச்சாக ஒரு தாளில் கிடக்கட்டும். தேதி மட்டும் நானே சொல்வேன். எங்கள் வடக்கில் எழுத்தறியாதவர்களுக்கென்று படம் போட்ட நாட்காட்டி உண்டு. அதில் பழகியவனுக்குத் தேதி தவறாது.

அந்த ஒருவன் என் மருமகன் ஷின்பெய். எடோ நகரத்தில், கன்தா பகுதியில், கதைப் புத்தகம் எழுதிப் பிழைக்கிறவன். இன்று காலை நீதிமன்றத்து ஆட்கள் இரண்டு பேர் அவனைக் கொண்டுவந்து வாசலில் விட்டுப் போனார்கள். கையில் இரும்பு விலங்கு. இரண்டு மணிக்கட்டையும் முன்பக்கம் ஒன்றோடொன்று சேர்த்துப் பூட்டி, பூட்டின் மேல் காகிதம் சுற்றி முத்திரை குத்தியிருந்தார்கள். ஐம்பது நாள் தண்டனை. வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது. கதை என்று ஒரு வரிகூட உண்டாக்கக் கூடாது. காகிதம் கிழிந்தால் நகரத்தை விட்டே துரத்திவிடுவார்கள்.

அவனுடைய புத்தகம் ஊர் ஒழுக்கத்தைக் கெடுத்துவிட்டதாம். அச்சுப் பலகைகளை வண்டியில் வாரிக்கொண்டு போய் எரித்தார்களாம்.

எரித்தார்கள் என்று கேட்டபோது எனக்கு உள்ளே குளிர்ந்தது. தாகி எழுதுவதை நிறுத்தி என்னைப் பார்க்கிறாள். பார்க்காதே, எழுது.

பத்தாம் நாள்

தாகி தைத்த துணிகளைக் கொடுக்கப் போயிருந்தாள். நான்தான் ஊட்டினேன். மாமனார் மருமகனுக்குச் சோறு ஊட்டுகிற வீடு எடோவில் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

"மாமா, முள்ளங்கியைக் கொஞ்சம் சின்னதா..."

"வாயைத் திற."

"சுடுது மாமா."

"ஊதிக் குடுக்க நான் என்ன உங்க அம்மாவா?"

ஊதித்தான் கொடுத்தேன். பிறகு மூக்கு அரிக்கிறது என்றான். சொறிந்துவிட்டேன். பிறகு கக்கூசுக்குப் போக வேண்டும் என்றான். அதை எழுத வேண்டாம்.

பதின்மூன்றாம் நாள்

மழை. விறகு நனைந்துவிட்டது.

அந்தப் புத்தகத்தில் வருகிற நூயி யார் என்று இன்று சொல்லிவிடுகிறேன். என் அக்கா; செத்து வெகு காலமாகிறது. முயல் வருடத்தில் எங்கள் வடக்கில் கோடையே வரவில்லை. நெற்கதிர் பாலே பிடிக்காமல் நின்றபடி கருகியது. முதலில் குதிரையைத் தின்றோம், பிறகு வைக்கோலை இடித்துத் தின்றோம். எனக்குப் பதினோரு வயது, நூயிக்குப் பதின்மூன்று. தெற்கிலிருந்து பெண் பிடிக்கும் தரகன் ஒருவன் பனியில் நடந்து வந்தான். ஒரு மூட்டைத் தானியத்துக்கு நூயியைக் கொடுத்தார் அப்பா.

பதினெட்டு வயதில் நானும் எடோவுக்கு நடந்து வந்தேன். வெந்நீர்க் குளியல் கடையில் அடுப்பெரித்தேன்; பிறகு அங்கேயே முதுகு தேய்க்கிறவனானேன். நூயி யோஷிவாராவில் இருப்பதாகத் தெரிந்தது. ஆண்கள் விளக்கு வைத்ததும் போகிற வேசையர் பேட்டை அது. நான் பகலில் போனேன். ஊரிலிருந்து வந்த ஒருவன் கொடுத்த கஷ்கொட்டை ஒரு பை கையில் இருந்தது. வாசல்காரன் காலில் விழுந்து கும்பிட்டேன், பெரிய மனிதன் என்று நினைத்து. புல் செருப்பு திருட்டுப் போகும் என்று அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றேன். மரக் கிராதிக்குப் பின்னால் நூயி வந்து உட்கார்ந்தாள். முகம் முழுக்க வெள்ளைப் பூச்சு. அந்தப் பேட்டையில் ஊர்ப் பேச்சு தெரியாமலிருக்க எல்லாப் பெண்களுக்கும் ஒரே மாதிரி ஒரு பேச்சுச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதில்தான் என்னை யார் என்று கேட்டாள். பையைக் கிராதி வழியாகத் தள்ளினேன். கொட்டையைப் பார்த்ததும் எங்கள் ஊர்ப் பேச்சு வந்துவிட்டது அவளுக்கு. உரிக்கவில்லை. ஓட்டோடு கடித்துத் தின்றாள். உதட்டில் ரத்தம் வந்தது, நிறுத்தவில்லை.

இதை ஒரு நாள் தாகியிடம் சொன்னேன். காகிதத் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஷின்பெய் இருந்தான். அவனுக்குச் சொன்னதல்ல.

போன குளிர்காலத்தில், குளியல் கடை மாடியில், குளித்து முடித்த ஆண்கள் தேநீர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். தச்சன் தோகுவுக்கு எழுத்துத் தெரியும். வாடகைக்கு எடுத்திருந்த கதைப் புத்தகம் ஒன்றை உரக்கப் படித்தான். அதில் வடக்கத்திப் பட்டிக்காட்டான் ஒருவன் செருப்பை அக்குளில் வைத்துக்கொண்டு வாசல்காரன் காலில் விழுகிறான். நூயி என்று ஒரு வேசை கொட்டையை ஓட்டோடு கடிக்கிறாள். வாய் நிறையக் கொட்டையோடு அவள் வடக்கத்திப் பேச்சுப் பேசுகிற இடத்தைத் தோகு மூக்கால் பேசிக் காட்டினான். ஒருவன் சிரித்துச் சிரித்துத் தேநீரைக் கொட்டிக்கொண்டான்.

"மோஸுகே தாத்தா, உங்க ஊர்ப் பேச்சு மாதிரியே இருக்கே!" என்றான் தோகு.

"ஆமா" என்றேன். நானும் சிரித்தேன். நான் சிரித்ததை மட்டும் எழுத வேண்டாம், தாகி.

பதினான்காம் நாள்

ஐந்து நாளுக்கொரு முறை முத்திரையைப் பார்க்க அதிகாரி வருவார். இன்று முதல் முறை. சளி பிடித்தவர், வாள் வைத்தவர். காகிதத்தைப் பார்த்தார், ஷின்பெயின் விரல்களைத் திருப்பித் திருப்பி மை இருக்கிறதா என்று பார்த்தார், என் கைக்குட்டையை வாங்கி மூக்கைச் சிந்திவிட்டுப் போனார். திருப்பிக் கொடுக்கவில்லை.

பதினேழாம் நாள்

புத்தகம் போடுகிற கிசாமோன் கொல்லைப்புறமாக வந்தார். குண்டு ஆள், பயத்தில் வேர்த்திருந்தது.

"சிரிப்புக் கதை எல்லாம் முடிஞ்சுது ஷின்பெய். இனிமே நல்லது செஞ்சவன் வாழணும், கெட்டது செஞ்சவ சாகணும். அப்படி எழுதினாத்தான் அச்சடிக்க முத்திரை குத்துவாங்க. ஆனா ஜனங்க அந்த வடக்கத்திப் பொண்ணைத்தான் கேக்கறாங்க. அவ மிச்சக் கதை வேணும். விலங்கு கழண்டதும் கையில குடுத்துடணும்."

"கையே இல்லையேய்யா."

"வாய் இருக்கு. உம் பொண்டாட்டிக்குக் கை இருக்கு."

தண்டனைக் காலத்தில் கதை சொன்னது தெரிந்தால் அவனை நகரத்தை விட்டுத் துரத்துவார்கள். எழுதின தாகியையும் விடமாட்டார்கள். நான் இருமினேன். யாரும் என் பக்கம் திரும்பவில்லை.

கிசாமோன் போனதும் ஷின்பெய் என்னிடம் நகர்ந்து வந்தான்.

"மாமா, விரல் மரத்துப் போகுது. இதுக்கு முன்னாடி விலங்கு போட்ட ஒருத்தர், அவுத்த பிறகு சோத்துக் குச்சியக்கூடப் பிடிக்க முடியாமப் போயிட்டாராம். நீங்க நாப்பது வருஷம் ஊர் முதுகைத் தேச்சவர். என் கையை மட்டும் காப்பாத்திக் குடுங்க."

"எனக்கு ஒண்ணு வேணும்."

"சொல்லுங்க."

"என் அக்காவை வெச்சு இனி ஒருத்தன் சிரிக்கக் கூடாது."

கெட்டவன் இல்லை அவன். காதும் வாயும் மட்டும்தான் அவனுக்கு உண்டு, நடுவில் ஒன்றும் கிடையாது.

"அவ கதையில வராம இருக்க முடியாது மாமா. ஆனா சத்தியமாச் சொல்றேன், அவளைப் பாத்து ஒருத்தன் சிரிக்க மாட்டான்."

சத்தியம் செய்கிறவன் கை கூப்ப வேண்டும். அவன் கை ஏற்கெனவே கூப்பினபடி பூட்டித்தான் இருந்தது.

பதினெட்டாம் நாள்

எள் எண்ணெய் வாங்கினேன். சூடாக்கி விரல் விரலாகத் தேய்த்தேன். அலறினான். நல்லது, வலிக்கிற விரலில் உயிர் இருக்கிறது.

இருபத்தொன்றாம் நாள்

தினமும் காலையில் தேய்க்கிறேன். தவிட்டுப் பையை வெந்நீரில் நனைத்து இரும்பு அறுக்கிற இடத்தில் ஒத்தடம். காகிதத்தில் ஈரம் படாமல் வாழையிலை போல் ஒரு அகல இலையைச் சுற்றிக்கொள்கிறேன். விளக்கு வைத்ததும் என்னைக் குளியல் கடைக்குப் போகச் சொல்கிறார்கள். நான் இருந்தால் அவனுக்குக் கதை வராதாம். போகிறேன். வழியில் நின்று திரும்பிப் பார்த்தால் தடுப்புக் காகிதத்தில் இரண்டு நிழல் தெரியும். ஒன்று பேசும், ஒன்று குனிந்திருக்கும்.

இருபத்தைந்தாம் நாள்

இன்று என் குறிப்பை எழுத உட்கார்ந்ததும் தாகி கேட்டாள்:

"அப்பா, நூயி அத்தை ஊரை விட்டுப் போறப்ப அழுதாளா?"

"இல்ல."

"கூட்டிட்டுப் போனவன் அவளுக்கு ஏதாவது குடுத்தானா?"

அவள் என்றுமே இப்படித் தோண்டிக் கேட்டதில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, சொன்னேன். தரகன் தன் மூட்டையிலிருந்து ஒரு சிவப்புத் துணியை எடுத்து நூயியின் கழுத்தில் சுற்றினான். பட்டு. எங்கள் ஊரில் அப்படி ஒரு நிறத்தைச் சாமி கோயிலில்தான் பார்த்திருக்கிறோம். நான் வாசலில் உருண்டு கத்திக்கொண்டிருந்தேன். நூயி திரும்பி வந்து துணியின் முனையை என் கையில் வைத்தாள். "பாருடா மோ, எவ்ளோ மெத்துன்னு இருக்கு" என்று சிரித்தாள். அம்மா உள்ளே இருந்தாள், வெளியே வரவில்லை. நூயியும் உள்ளே போய்ச் சொல்லிக்கொள்ளவில்லை. துணியைத் தடவிக்கொண்டே போனாள். பனியில் அந்தச் சிவப்பு ரொம்ப தூரம் தெரிந்தது.

அன்று சாயங்காலமே தானியத்தில் கஞ்சி காய்ச்சினார்கள். நான் இரண்டு முறை வாங்கிக் குடித்தேன். அதை விடு.

"சிரிச்சாளா?" என்று கேட்டாள் தாகி மறுபடியும்.

"சிரிச்சா. ஏன் கேக்கறே?"

"சும்மாத்தான் அப்பா."

என்னைப் பார்க்கவில்லை. தூரிகை முனையில் ஒரு மயிர் பிரிந்திருந்தது, அதை நாக்கில் வைத்துச் சரி செய்துகொண்டிருந்தாள்.

மூன்றாம் மாதம், இரண்டாம் நாள்

ஊறுகாய்ப் பானையின் கல் உடைந்தது. வேறு கல் பொறுக்கி வந்தேன்.

ஐந்தாம் நாள்

இன்று தலை தப்பியது.

எண்ணெய் ஒரு சொட்டு முத்திரைக் காகிதத்தில் விழுந்திருக்கிறது. நான் கவனிக்கவில்லை. அதிகாரி கவனித்தார்.

"ஏய் கிழவா, முத்திரையில எண்ணெய் எப்படி வந்துது? கழட்டப் பாத்தீங்களா?"

"கை மரத்துப் போச்சுங்க, தேய்ச்சு விட்டேன். தப்பு என்னுதுங்க." தரையில் நெற்றியை வைத்தேன். விசிறியால் பின்னந்தலையில் தட்டினார். பிறகு அவர் கண் தாகியின் கைக்குப் போனது.

"உன் விரல்ல என்ன மை? என்ன எழுதறே இந்த வீட்டுல?"

அந்த ஒரு மூச்சு நேரம் என் மனதில் என்னென்னவோ வந்தது. ஆமாம், எழுதுகிறார்கள் என்று சொன்னால் போதும். நூயி கதை இந்த வீட்டிலேயே செத்துவிடும். ஆனால் எழுதும் கை என் மகளுடையது. யோசித்தேன் என்பதை எழுது, பரவாயில்லை.

"என்னோட நாட்குறிப்புங்க. எனக்கு எழுத வராது. நான் சொல்றேன், அவ எழுதறா."

"எழுத்துத் தெரியாதவனுக்கு நாட்குறிப்பா? எடு பாப்போம்."

தாகி இதே தாள்களைக் கொண்டுவந்து வைத்தாள். இதில் கிசாமோன் வந்தது இருக்கிறது, வாய் இருக்கு கை இருக்கு என்று அவர் சொன்னது இருக்கிறது. அதிகாரி தாளைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்தார், தூரப் பிடித்தார்.

"உன் கோழிக் கிறுக்கலை யார் படிக்கறது? நீயே படி."

தாகி படித்தாள். "பதினேழாம் நாள். முள்ளங்கி இருபது வாங்கினேன். நாலு அழுகல். கடைக்காரனிடம் கேட்டதற்கு என் மூஞ்சியும் அழுகல் என்றான். மருமகன் நாள் முழுக்கப் புத்தர் பேரைச் சொல்லிக்கொண்டிருந்தான். நல்ல அதிகாரி ஒருவர் வருகிறார், அவர் சளி குணமாக வேண்டும்." தடுமாறவே இல்லை. விரலை வரி வரியாக நகர்த்திக்கொண்டே போனாள். நான் அப்படி ஒரு வார்த்தையும் சொன்னதில்லை.

அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இஞ்சி சாப்பிட்டேன், குணமாகல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"எப்படிடீ?" என்றேன்.

"தாளைப் பாத்தா வாய்ல வந்துடுது அப்பா" என்றாள்.

பன்னிரண்டு வருடம் கதைக்காரனோடு குடித்தனம் செய்தவள். என் பெண் கெட்டிக்காரி. இந்தத் தாள்களை இனி ஊறுகாய்ப் பானைக்கு அடியில் வைக்கிறாள்.

பன்னிரண்டாம் நாள்

செர்ரிப் பூ உதிர்ந்துவிட்டது. யாரும் பார்க்கப் போகவில்லை.

கதை முடிந்துவிட்டது என்று ஷின்பெய் சொன்னான். நான் எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்தேன். "நூயி சாகிற இடத்தைப் படிச்சுக் காட்டு. கேட்டுட்டுத்தான் மிச்ச நாளும் தேய்ப்பேன்" என்றேன்.

அவன் தாகியைப் பார்த்தான். தாகி தாளை எடுத்தாள். "நீங்க கொஞ்சம் உள்ளே போய்ப் படுங்க" என்றாள் அவனிடம். போனான். அவள் படித்தாள்.

கேட்டேன். ஒரு முறை கேட்டால் எனக்குப் போதும், அச்சுப் பலகையில் வெட்டினது போல் இருக்கும். முடிந்ததும் அடுப்பு புகைந்து கண்ணில் பட்டது. வெளியே போய்விட்டு வந்து மறுபடி தேய்த்தேன். கட்டை விரலை நன்றாகவே தேய்த்தேன்.

அடுப்பு எரியவில்லை என்று தாகி சொல்கிறாள். சரி.

இருபத்தொன்பதாம் நாள்

விலங்கைக் கழற்றினார்கள்.

ஷின்பெய் கையை முகத்துக்கு நேரே தூக்கி இரண்டு பக்கமும் பார்த்தான். விரலை மடக்கினான், விரித்தான். ஒரு விரல்கூட வீணாகவில்லை. தரையில் தலை படும்படி என்னை வணங்கினான். "இந்தக் கை உங்களுது மாமா" என்றான். பிறகு தூரிகையை எடுத்து, தாகி எழுதி வைத்திருந்த தாள்களில் அங்கங்கே அடித்துத் திருத்த ஆரம்பித்தான். கோடு நடுங்கவில்லை. பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

நான்காம் மாதம், முதல் நாள்

இனி எழுத ஒன்றுமில்லை. ஊட்ட ஆள் இல்லாமல் கை சும்மா இருக்கிறது.

ஏழாம் மாதம், பன்னிரண்டாம் நாள்

மறுபடி எழுத வேண்டியிருக்கிறது. தாகி, உட்கார்.

நாளை செத்தவர்கள் வீட்டுக்கு வரும் நாள். அவர்களுக்கு வழி தெரிய, சணல் தண்டு வாங்கி வாசலில் நெருப்புப் போட வேண்டும். அதற்கு முன் குளித்துவிடலாம் என்று போனேன். மாடியில் தோகு புதுப் புத்தகம் ஒன்றை வைத்துக்கொண்டு என்னைக் கண்டதும் எழுந்து நின்றான். எனக்காக ஒருவன் எழுந்து நிற்பது அந்தக் கடையில் முதல் தடவை.

"வாங்க தாத்தா, இங்க உக்காருங்க. உங்க மருமகன் புது புத்தகம். இதுல வர்ற தம்பி நீங்கதானாமே! கிசாமோன் ஐயா ஆளு சொன்னான்."

படித்தான். நூயி என்று ஒரு பெண். பஞ்ச காலம். தாய் நோயில் கிடக்கிறாள். தரகன் ஒரு சிவப்புப் பட்டைக் காட்டுகிறான். நூயி பெற்றவர்கள் தடுத்தும் கேட்காமல், பட்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, துணியைத் தடவித் தடவிச் சிரிக்கிறாள். செத்துக்கொண்டிருக்கும் தாயிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போகிறாள். பனியில் உருண்டு அழுகிற தம்பியின் கண்முன்னால் துணியை ஆட்டிக் காட்டிக் கேலி செய்கிறாள். தம்பி வீட்டிலேயே இருந்து, தன் கஞ்சியைத் தாய்க்கு ஊட்டி, தான் பட்டினி கிடக்கிறான். அவனை ஊர்த் தலைவர் கூப்பிட்டுப் பாராட்டுகிறார். அவள் யோஷிவாராவில் உடம்பெல்லாம் புண் வைத்து, அந்தச் சிவப்புத் துணி கழுத்தை இறுக்குவதாகக் கத்திக் கத்திச் சாகிறாள். பாயில் சுருட்டிக் குழியில் எறிகிறார்கள்.

யாரும் சிரிக்கவில்லை.

"இப்படியும் ஒருத்தி இருப்பாளா" என்றான் ஒருவன். "துணிக்காக! பெத்தவளை விட்டுட்டு!" என்றான் இன்னொருவன், ஜன்னல் வழியாக வெளியே துப்பினான். தோகு என் முன்னால் தேநீரை வைத்தான். "நீங்க எவ்வளவு பட்டிருக்கீங்க தாத்தா. கஞ்சியை அம்மாவுக்குக் குடுத்துட்டுப் பட்டினி கிடந்தீங்களாமே. எங்களுக்குத் தெரியாமப் போச்சு. அன்னிக்கு நான் மூக்கால பேசினதுக்கு மன்னிச்சுக்குங்க."

தேநீரைக் குடித்தேன். வேறு என்ன செய்வது? சூடாக இருந்தது.

பதின்மூன்றாம் நாள்

நேற்று வீட்டுக்கு வந்ததும் ஷின்பெய் கேட்டான், "எப்படி மாமா? யாராவது சிரிச்சாங்களா?"

கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே பயந்துகொண்டு கேட்டான்.

"இல்ல" என்றேன்.

"சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டேன் மாமா. நகரத்துப் பெரியவங்க ஒவ்வொரு தாளாப் பாத்து முத்திரை குத்தினாங்க. வேசைக்கு நல்ல சாவு எழுதினா விட்டிருப்பாங்களா? இன்னொரு தடவை விலங்கு வந்தா அது தாகி கைக்கும் சேத்து வரும். உங்களை எவ்வளவு உயர்த்தி எழுதியிருக்கேன், கேட்டீங்க இல்ல?"

அவன் வலது கை மடியில் கிடந்தது. வழவழவென்று, காயம் ஆறி, நகம் இளஞ்சிவப்பாக. ஒரு மாதத்துக்கு மேல் நான் தேய்த்த கை.

இன்று சாயங்காலம் வாசலில் சணல் தண்டு கொளுத்தும்போது தாகி என் பக்கத்தில் குந்தினாள்.

"அன்னிக்கு நீ வேற மாதிரி படிச்சுக் காட்டினியே" என்றேன்.

"அது தாள்ல இல்லப்பா."

"பின்னே?"

"தாள்ல இருந்தது தோகு படிச்சதுதான். அதைத்தான் நான் எழுதினேன். உங்ககிட்ட அதைப் படிக்க வாய் வரல."

"சிவப்புத் துணியைக் கேட்டியே என்கிட்ட."

"அவர் கேக்கச் சொன்னார்."

நெருப்பு அணைந்துவிட்டது. மறுபடி ஏற்றினேன். அந்த வழியாகத்தான் நூயி வர வேண்டும். வந்தால் அவளிடம் என்ன சொல்வேன்? துணி மெத்தென்று இருக்கிறது என்று நீ எனக்குக் காட்டினதை நான் எடுத்துக் கொடுத்துவிட்டேன் என்றா?

பதினான்காம் நாள்

தாகியோடு பேசவில்லை. இதை எழுதச் சொன்னது மட்டும்தான்.

பதினாறாம் நாள்

வந்தவர்களைத் திருப்பி அனுப்பும் நாள். வாசலில் மறுபடி நெருப்பு.

இரண்டு நாளாக யோசித்துப் பார்த்தேன். மூன்றாம் மாதம் பன்னிரண்டாம் நாள் தாகி எனக்குப் படித்துக் காட்டினது எந்தப் பலகையிலும் வெட்டப்படவில்லை, எந்தத் தாளிலும் இல்லை. அவள் வாயில் வந்தது, என் காதில் விழுந்தது, அவ்வளவுதான். சொன்னவளே மறந்திருப்பாள். நான் செத்தால் அதுவும் போய்விடும். தோகு படித்தது இருக்கும், வாடகைக்குப் போய்க்கொண்டே இருக்கும்.

"உட்கார். நான் சொல்றதை எழுது" என்றேன். அவள் சொன்னதை அவளுக்கே திருப்பிச் சொன்னேன்:

'நூயி காய்ச்சலில் கிடந்தாள். வடக்கு எந்தப் பக்கம் என்று கேட்டாள். பக்கத்தில் இருந்த பெண் கை காட்டினாள். என் தலையை அந்தப் பக்கம் வை என்றாள். தம்பி கொண்டுவந்த கொட்டைகளில் ஒன்றை அவள் தின்னாமல் தலையணைக்கு அடியில் வைத்திருந்தாள். அதை எடுத்துக் கையில் மூடிக்கொண்டு, இது அவனுக்கு, அவன் சின்னப் பையன், பசி தாங்க மாட்டான் என்றாள். சொந்த ஊர்ப் பேச்சில் சொன்னாள். அறையில் இருந்த யாருக்கும் புரியவில்லை. புரியாததால் யாரும் சிரிக்கவில்லை. விடிந்தபோது அவள் கை மூடியே இருந்தது. திறக்க வேண்டாம் என்று அந்தப் பெண் சொன்னாள்.'

தாகி அழுதுகொண்டே எழுதினாள். அழுதாள் என்றால் எழுதினாள் என்று ஆகுமா? அதிகாரி முன்னால் விரலை வரி வரியாக நகர்த்தி முள்ளங்கிக் கணக்குப் படித்தவள் இவள். என் முன்னால் தாளைப் பிடித்து இல்லாததைப் படித்தவள் இவள். என் குறிப்பு என்று இத்தனை மாதமாக என்ன எழுதி வைத்திருக்கிறாளோ. புருஷனுக்கு ஆகாத இடத்தையெல்லாம் விட்டிருப்பாள். என் பேச்சை நல்ல பேச்சாக மாற்றியிருப்பாள். எனக்கு எப்படித் தெரியும்?

"படிச்சுக் காட்டு" என்றேன். படித்துக் காட்டினாள். ஒரு சொல் பிசகவில்லை. அன்றைக்கும்தான் பிசகவில்லை.

"எழுதினியா?"

"எழுதினேன்ப்பா."

"நான் சந்தேகப்பட்டதையும்?"

"அதையும்."

தாளை விளக்குப் பக்கம் திருப்பி என் முன்னால் பிடித்தாள். மேலிருந்து கீழே கறுப்புக் கறுப்பாக, மழைக்கு முன் ஊர்கிற எறும்பு போல ஏதோ போய்க்கொண்டிருந்தது.

"இதுல எது நூயி?" என்று கேட்டேன்.

ஓர் இடத்தில் விரலை வைத்தாள். அந்த இடத்தையே கொஞ்ச நேரம் பார்த்தேன்.

இருக்கலாம்.